சாங்ஷன் என்றால் அனுமதியா, தண்டனையா? சித்தப்பா டிக் போட்ட ஒரு கட்டம்

தென்காசித் தென்றல் · திங்கள், காலை 9.40

வணக்கம். 9 வருடமாக மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். ஒரே ஒரு சொல்லுக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். நடந்ததைச் சொன்னால்தான் கேள்வி புரியும்.

என் சித்தப்பாவின் மகள் அயர்லாந்தில் படிக்கிறாள். இரண்டாம் தவணைக் கட்டணத்தை அனுப்ப சித்தப்பா வங்கிக்குப் போயிருக்கிறார். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் படிவத்தில் மேலே ஆங்கிலம், கீழே தமிழ். அவர் தமிழைத்தான் படித்தார். ஐந்தாவது கேள்வி: "நீங்கள் அனுமதிக்கப்பட்ட நபரா? ஆம் / இல்லை." மகளின் கல்விக் கடனுக்கு வங்கி கொடுத்த சாங்ஷன் கடிதம் அவருடைய மஞ்சள் பையிலேயே இருந்தது. அனுமதி கிடைத்ததால்தானே இங்கே வந்து நிற்கிறோம் என்று 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

ஆங்கிலத்தில் இருந்தது, 'ஆர் யூ எ சாங்ஷன்டு பெர்சன்?' ஐநாவோ ஒரு நாட்டு அரசோ தடை விதித்தவர்களின் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். ஆமாம், இருக்கிறது என்று சித்தப்பா எழுதிக் கொடுத்ததாக ஆகிவிட்டது. பணம் 11 நாள் நின்றது. கெடு தாண்டியதால் கல்லூரி தாமதக் கட்டணம் போட்டது. அதைக்கூட விடுங்கள், "நான் என்னம்மா தப்பு பண்ணேன்" என்று அவர் போனில் திரும்பத் திரும்பக் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. 62 வயதில் இதுவரை ஒரு செக் கூடத் திரும்பாத மனிதர்.

எந்த வங்கி என்பது இங்கே வேண்டாம். அந்த வரியைத் தமிழில் எழுதியவர் என்னைப் போன்ற ஒருவராகத்தான் இருப்பார். எங்களுக்குப் படிவம் முழுதாக வராது. எக்செல் கோப்பில் ஒவ்வொரு வரியும் தனித்தனிக் கட்டமாக வரும், முன்னே பின்னே என்ன இருக்கிறது என்று தெரியாது. இப்போது வேறொரு நிறுவனத்தின் படிவம் என் கைக்கு வந்திருக்கிறது, அதிலும் இதே கேள்வி. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். இந்தச் சொல்லை எங்கே எப்படி எடுத்துக்கொள்வது, தமிழில் எதைப் போடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முதலாமாண்டு · திங்கள், காலை 10.05

அக்கா, எனக்கு இன்றுவரை சாங்ஷன் என்றால் லோன் சாங்ஷன் மட்டும்தான். செய்தியில் வரும் 'சாங்ஷன்ஸ்' வேறு ஏதோ சொல் என்றே நினைத்திருந்தேன். இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டலா? கொடுப்பதையும் தடுப்பதையும் ஒரே சொல் எப்படிக் குறிக்கும்?

பழைய கோப்பு · திங்கள், காலை 11.20

பொதுப்பணித் துறை அலுவலகத்தில் 31 வருடம் கோப்பு பார்த்தவன் நான். எங்களுக்கு இது நாள் முழுக்க வாயில் புழங்கும் சொல். லீவு சாங்ஷன், இன்க்ரிமென்ட் சாங்ஷன், சேமநல நிதி முன்பணம் சாங்ஷன், கடைசியில் பென்ஷன் சாங்ஷன். தண்டனை என்ற பொருளில் இதை யாரும் எங்கள் அலுவலகத்தில் சொல்லிக் கேட்டதில்லை. தண்டனைக்கு மெமோ, சார்ஜ், சஸ்பென்ஷன் என்று வேறு சொற்கள் போதுமான அளவு இருந்தன.

அரசாணைத் தமிழில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: ஒப்பளிப்பு. 'நிதி ஒப்பளிப்பு செய்து அரசு ஆணையிடுகிறது' என்று வரும். 'ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள்' என்றும் வரும். வெளியே யாரும் இதைப் பேசுவதில்லை, ஆனால் எனக்குப் பிடித்த சொல். அனுமதி என்றால் செய்துகொள், தடையில்லை என்று சொல்வது. ஒப்புதல் என்றால் இது சரி என்று ஏற்பது. ஒப்பளிப்பில் ஒப்புக்கொள்வதும் இருக்கிறது, அளிப்பதும் இருக்கிறது. பணம், பதவி, விடுப்பு என்று ஏதோ ஒன்று கைமாறுகிறது.

ஒரு பாலம் கட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் உத்தேச மதிப்பீடு போகும். இந்த வேலை வேண்டும், இவ்வளவு செலவாகும் என்று அரசு ஏற்றால் அது நிர்வாக ஒப்புதல். பிறகு வரைபடத்தோடு விரிவான மதிப்பீடு தயாராகும். அதிகாரமுள்ள பொறியாளர் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டால் அது தொழில்நுட்ப ஒப்புதல். ஆங்கிலத்தில் இரண்டுமே சாங்ஷன்தான். இரண்டும் வந்த பிறகுதான் டெண்டர்.

அப்புறம் இதையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். சாங்ஷன் ஆவது வேறு, பணம் கைக்கு வருவது வேறு. வங்கிக் கடனிலும் அப்படித்தான். சாங்ஷன் கடிதம் என்பது இவ்வளவு தரத் தயார், நிபந்தனைகள் இவை என்ற தாள்தான். அதை நம்பி வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, பட்டுவாடா தள்ளிப்போய்த் தவித்தவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதிகளின் சாங்ஷன்டு எண்ணிக்கை 75 என்று செய்தியில் படிக்கிறோமே, அதுவும் அவ்வளவு பேர் வரை இருக்கலாம் என்ற உச்ச அளவு. நாற்காலி 75, அதில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது வேறு கணக்கு.

கறுப்பு அங்கி · திங்கள், பிற்பகல் 2.15

முதலாமாண்டு தம்பி கேட்டதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எதிரெதிரான பொருள் எப்படி வந்தது?

வேர் லத்தீன். 'சான்கிரே' என்றால் புனிதமாக்குவது, மீறக்கூடாததாக ஆக்குவது. வேடந்தாங்கல் பலகையில் சரணாலயம் என்பதற்கு ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்களே 'சாங்சுவரி', அதுவும் இதே வேரில் வந்தது. புனிதரைக் குறிக்கும் 'செயின்ட்' என்பதும் அப்படியே. ரோமானியச் சட்டத்தில் 'சாங்ஷியோ' என்றால், இந்தச் சட்டத்தை மீறினால் இன்ன தண்டனை என்று சொல்லும் பகுதி. சட்டத்துக்கு வலுக் கொடுப்பது அதுதான். ஆக, அடிப்பொருள் அனுமதியும் இல்லை, தண்டனையும் இல்லை. அதிகாரம் உள்ள ஒருவர் முத்திரை குத்தி ஒன்றை மீறக்கூடாததாக ஆக்குவது. முத்திரை விழுந்ததால் அது செல்லும் என்று பார்த்தால் அனுமதி. மீறினால் என்ன ஆகும் என்று பார்த்தால் தண்டனை. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

வினைச்சொல்லாக 'அனுமதி, ஏற்பு கொடு' என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில் வந்தது. 'தண்டி, தடை விதி' என்ற வினைப்பொருள் 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. நம் அலுவலகங்களுக்கு வெள்ளைக்காரன் காலத்து ஆங்கிலம் வந்து அப்படியே தங்கிவிட்டதால், இந்தியாவில் யாரைக் கேட்டாலும் முதல் பொருளைத்தான் சொல்வார்கள். அமெரிக்காவில் இளைஞர் ஒருவரைக் கேட்டால் இரண்டாவதைச் சொல்ல வாய்ப்பு அதிகம். சித்தப்பாவின் படிவம் அந்த இரண்டாவது உலகத்திலிருந்து வந்தது.

சட்டக் கல்லூரிக்குள் நுழைந்ததும் இந்தச் சொல்லைப் பார்த்துவிடுவோம். இறையாண்மை உள்ளவரின் கட்டளையும், அதன் பின்னால் நிற்கும் சாங்ஷனும் சேர்ந்ததுதான் சட்டம் என்றார் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஜான் ஆஸ்டின். அவருக்கு முன்பே பெந்தாம் என்ற ஆங்கிலேயச் சிந்தனையாளர், மனிதனை ஒரு வழியில் நிறுத்துகிற சாங்ஷன்கள் நான்கு என்றார்: இயற்கை தருவது, அரசு தருவது, ஊர்வாய் தருவது, கடவுள் தருவது. ஊர் என்ன சொல்லும் என்று பயந்து ஒரு காரியத்தைச் செய்யாமல் விடுகிறோமே, அதற்கும் இதே பெயர்தான்.

நீதிமன்றத்திலோ நிலைமை இன்னும் சிக்கல். ஊழல் தடுப்புச் சட்டம் 1988, பிரிவு 19இன்படி அரசு ஊழியர்மீது வழக்கு நடத்த முன்கூட்டியே சாங்ஷன் வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 197ஆவது பிரிவு இதையே வேறு குற்றங்களுக்குச் சொன்னது. 2024 ஜூலை முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 218ஆவது பிரிவு, அதில் 120 நாளுக்குள் அரசு முடிவு சொல்லாவிட்டால் சாங்ஷன் கிடைத்ததாகவே கொள்ளப்படும் என்று சேர்த்திருக்கிறார்கள். இங்கே 'அமைச்சருக்கு எதிராக சாங்ஷன்' என்று வந்தால் அமைச்சரைத் தண்டித்தார்கள் என்று பொருள் இல்லை. அவர்மீது வழக்குப் போட அனுமதி கிடைத்தது என்று பொருள்.

நேர்மாறாக, 2023 ஜூனில் நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில், சாட்ஜிபிடி கற்பனையாகக் கொடுத்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களை நீதிபதி 'சாங்ஷன்' செய்தார். கொடுத்தது அனுமதி இல்லை, 5,000 டாலர் அபராதம்.

தென்றல், என் அனுபவத்தில் அடையாளம் இது. பன்மையில், 'ஸ்' சேர்ந்து வந்தால் பெரும்பாலும் தண்டனைப் பக்கம். ஒருமையில், பின்னால் 'டு', 'ஃபார்', 'ஆஃப்' வந்தால் அனுமதிப் பக்கம். 'சாங்ஷன்டு' என்று ஒட்டிக்கொண்டு வரும் இடம்தான் வழுக்கும். அதற்கு அடுத்த சொல்லைப் பாருங்கள். தொகை, பணியிடம், திட்டம் என்றால் அனுமதி. ஆள், நாடு, கப்பல், நிறுவனம் என்றால் தடை.

சேப்பாக்கம் கேலரி · திங்கள், மாலை 4.30

கிரிக்கெட்டில் இரண்டு பொருளும் ஒரே கதையில் வந்திருக்கிறது. 2007இல் இந்தியன் கிரிக்கெட் லீக் தொடங்கியபோது கிரிக்கெட் வாரியம் அதற்கு சாங்ஷன் கொடுக்கவில்லை. அதில் போய் ஆடியவர்களைத் தடை செய்தது, அதற்கும் பெயர் சாங்ஷன். சாங்ஷன் இல்லாத போட்டியில் ஆடியதற்காக சாங்ஷன்! முதல் கோப்பையை வென்றது நம் சென்னை சூப்பர்ஸ்டார்ஸ் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறதோ. 2009இல் விலகி வந்தவர்களை வாரியம் மன்னித்துச் சேர்த்துக்கொண்டது.

கரிசல் மண் · திங்கள், இரவு 8.10

ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்ல வேண்டாம். 'விலக்கு' என்ற நம் சொல்லைப் பாருங்கள். மதுவிலக்கு என்றால் மது கூடாது. வரிவிலக்கு என்றால் வரி கட்ட வேண்டாம். முதலாவது தடை, இரண்டாவது சலுகை. யாராவது குழம்புகிறோமா? மதுவை விலக்குகிறோம், அது தடை. வரியிலிருந்து ஆளை விலக்குகிறோம், அது சலுகை. எதை, எதிலிருந்து என்பது நம் தலைக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் விருதுநகர் பக்கம் இன்னொரு விலக்கும் உண்டு. மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் சாலை பிரிகிற இடம். "விலக்குல இறக்கி விடுங்கண்ணே" என்று கண்டக்டரிடம் சொல்வோம். மாதவிலக்கு வேறு.

இதைத் தமிழ் தெரியாத ஒருவர் உதிரியாக ஒரு எக்செல் கட்டத்தில் பார்த்தால் என்ன செய்வார்? அந்தப் படிவத்தை எழுதியவருக்கும் அதுதான் நடந்திருக்கும்.

பாலைவனப் பறவை · செவ்வாய், காலை 7.50

துபாயில் பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்ச் ஒன்றில் கவுண்டரில் இருக்கிறேன். சித்தப்பாவின் பணம் ஏன் 11 நாள் நின்றது என்று சொல்கிறேன்.

பணம் அனுப்புபவர், பெறுபவர் இரண்டு பெயரையும் கணினி பட்டியல்களோடு ஒப்பிடும். ஐநா பாதுகாப்பு அவையின் பட்டியல், அமெரிக்கக் கருவூலத் துறையின் பட்டியல், ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன் என்று பல. பெயர் ஒத்துப்போனால் திரை நின்றுவிடும். பிறந்த தேதி, நாடு, பாஸ்போர்ட் எண் பார்த்து இவர் அவரில்லை என்று உறுதி செய்த பிறகுதான் நகரும். கவுண்டரில் இருக்கும் எனக்கு அதை விடுவிக்கும் அதிகாரம் கிடையாது, தனிப் பிரிவுதான் பார்க்க வேண்டும். பெயர் மட்டும் ஒத்துப்போனாலே இவ்வளவு. சித்தப்பா தன் கையாலேயே 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். அது கைத்தவறு என்று நிரூபிக்க அந்தப் பிரிவில் இருப்பவர் தாள் மேல் தாள் சேர்க்க வேண்டியிருந்திருக்கும்.

இங்கே அதிகம் மாட்டுவது நம் ஊர் முஸ்லிம் சகோதரர்கள். உலகம் முழுக்க உள்ள பெயர், குடும்பப் பெயர் கிடையாது, ஒரு இனிஷியல் மட்டும். மாதா மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர், கீழக்கரைக்காரர், ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் நிற்பார். "தம்பி, இன்னிக்காவது அது நான் இல்லைன்னு கம்ப்யூட்டர் ஒத்துக்குச்சா" என்று கேட்பார். பதில் சொல்ல முடியாமல் தேநீர் வாங்கிக் கொடுப்பேன்.

வடலி · செவ்வாய், காலை 11.35

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எல்லாரும் தடை, தடை என்று எழுதுகிறீர்கள். அந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும்.

எங்களுக்கு 'பொருளாதாரத் தடை' என்றால் 1990களில் இலங்கையின் வடக்குக்குப் பொருள் வராமல் அரசு மறித்த காலம். பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, சீமெந்து இல்லை, உரம் இல்லை. சவர்க்காரம் கிடைக்காமல் பனம்பழத்தைப் பிழிந்து உடுப்புத் தோய்த்தோம். மண்ணெண்ணெய் விலை ஏறிப்போய், ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி போட்டு, அந்த வெளிச்சத்தில்தான் நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தேன். செய்தி கேட்க சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் நின்றுவிடும்.

அதை ஆங்கிலத்தில் 'எம்பார்கோ' என்று எழுதினார்கள். ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது விதிப்பதை 'சாங்ஷன்ஸ்' என்கிறார்கள். தமிழில் இரண்டும் பொருளாதாரத் தடை. நீதிமன்றம் கொடுப்பதும் இடைக்காலத் தடை. இயக்கத்தைத் தடை செய்வதும் தடை. ஓட்டப் போட்டியில் தாண்டுவதும் தடை. ஒரு சொல்லின் தலையில் இவ்வளவு பாரம் ஏற்றினால், படிக்கிறவருக்கு எது விளங்கும்? தங்கச்சி, உங்கள் படிவத்தில் வெறும் 'தடை' என்று போடாதீர்கள். யார் விதித்த தடை என்று சேர்த்து எழுதுங்கள்.

கறுப்பு அங்கி · செவ்வாய், பிற்பகல் 1.10

வடலி சொல்வதை இரண்டு தடவை படித்தேன். எம்பார்கோ என்பது சரக்கு போகாமல் மறிப்பது, அது ஒரு வழி. சாங்ஷன்ஸ் என்பது அதையும் உள்ளடக்கிய பெரிய சொல்: சொத்தை முடக்குவது, பயணத்தைத் தடுப்பது, ஆயுத விற்பனையை நிறுத்துவது எல்லாம் அதில் வரும். ஐநா சாசனத்தில் இதற்கு அடிப்படையான 41ஆம் உறுப்பில் சாங்ஷன் என்ற சொல்லே இல்லை. படைபலம் சாராத நடவடிக்கைகள் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அந்த உறுப்பின் கீழ் ஐநா கட்டாயப் பொருளாதாரத் தடையை முதன்முதலில் விதித்தது 1966 டிசம்பரில், இன்று ஜிம்பாப்வே எனப்படும் ரொடீசியா மீது. அதற்கு முன் 1935இல் எத்தியோப்பியா மீது படையெடுத்த இத்தாலிக்கு எதிராக, ஐநாவுக்கு முன்பிருந்த நாடுகளின் சங்கம் விதித்தது, ஆனால் எண்ணெயை விட்டுவிட்டார்கள், அடுத்த ஆண்டே விலக்கிக்கொண்டார்கள். 1998 மே மாதம் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா நம் மீதே விதித்தது, 2001 செப்டம்பரில் நீக்கியது.

தனித்தமிழ் அன்பன் · செவ்வாய், மாலை 6.00

ஏன் புதுச்சொல் ஆக்கக் கூடாது? தண்டிப்பதற்கு 'ஒறுத்தல்' என்ற பழஞ்சொல் இருக்கிறது. தண்டனைப் பொருளில் 'ஒறுப்பு', அனுமதிப் பொருளில் பழைய கோப்பு ஐயா சொன்ன 'ஒப்பளிப்பு'. ஒறுப்புப் பட்டியல், ஒறுக்கப்பட்ட நபர். குழப்பமே வராது.

தென்காசித் தென்றல் · செவ்வாய், இரவு 9.15

அன்பன் ஐயா, ஒறுப்பு எனக்கும் பிடித்திருக்கிறது. கட்டுரை எழுதினால் பயன்படுத்துவேன். ஆனால் படிவத்தில் போட மாட்டேன். கவுண்டரில் பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது, மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த ஒருவர் படிக்கிற வரி அது. புதுச்சொல்லைப் பார்த்து யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு, ஏதோ ஒரு கட்டத்தில் டிக் போடுவார். தெரிந்த சொற்களிலேயே கேள்வியைப் பிரித்துக் கேட்க வேண்டும் என்று படுகிறது.

தனித்தமிழ் அன்பன் · செவ்வாய், இரவு 9.50

சரி, ஏற்கிறேன் அம்மா. ஆனால் யாருமே போடாவிட்டால் எந்தச் சொல்லும் தெரிந்த சொல் ஆகாது. பென்ஷனை 'ஓய்வூதியம்' என்று எழுதிய முதல் ஆளையும் யாராவது இப்படிக் கேட்டிருப்பார்கள். என் கவலை அதுதான்.

பழைய கோப்பு · புதன், காலை 8.30

அன்பன் சொல்வது நியாயம். எனக்கு முதலில் வந்த தமிழ்க் கோப்புகளில் 'ஒப்பளிப்பு' என்று எழுதவே கை கூசியது. ஐந்து வருடத்தில் பழகிவிட்டது. ஆனால் அது நாங்கள் 300 பேர் உட்கார்ந்து தினமும் பார்த்த தாள். படிவத்தை ஒருவர் ஆயுளில் இரண்டு முறை பார்ப்பார்.

தென்காசித் தென்றல் · வியாழன், மாலை 5.20

எல்லாரும் சொன்னதை வைத்து நேற்று ஒரு வரி எழுதினேன்: "உங்கள் மீது ஐநா சபையோ எந்த நாட்டு அரசோ தடை விதித்திருக்கிறதா?" போனில் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எதுக்குத் தடை? பாஸ்போர்ட்டா? போன வருஷம் உன் தங்கச்சிக்கு விசா ஒரு தடவை மறுத்தாங்களே, அதையும் சொல்லணுமா?" என்று கேட்டார். வடலி அண்ணன், யார் விதித்தது என்று நீங்கள் சொன்னதைச் சேர்த்தேன். எதற்கு என்பதை விட்டிருந்தேன்.

திருத்தி எழுதியது இது: "உங்களுடன் பணப் பரிமாற்றம் செய்யக் கூடாது என்று ஐநா சபையோ எந்த நாட்டு அரசோ தடை விதித்திருக்கிறதா? ஆம் / இல்லை." கீழே சிறிய எழுத்தில்: "கடன் அனுமதி, விசா பற்றிய கேள்வி அல்ல." இதையும் வாசித்தேன். "இல்லைம்மா, இல்லை. இப்படிக் கேட்டிருந்தா அன்னிக்கே போட்டிருப்பேனே" என்றார்.

ஆங்கிலத்தில் ஐந்து சொல், தமிழில் இரண்டு வரியா என்று நிறுவனத்தில் கேட்டார்கள். நடந்த கதையைச் சொன்னேன். கட்டத்தைப் பெரிதாக்கித் தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

பாலைவனப் பறவை · வியாழன், இரவு 8.45

அக்கா, எங்கள் கவுண்டரில் ஆங்கிலமும் அரபியும் மட்டும்தான் இருக்கிறது. இந்த இரண்டு வரியையும் ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளட்டுமா?

தென்காசித் தென்றல் · வியாழன், இரவு 8.52

தாராளமாக ஒட்டுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும்.